குவாரிக்கு மேலே சூரியன்

மொட்டை மாடியில் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நின்றதால் அவர்கள் வீட்டுக்குள் புகுந்தது ஷோபாவுக்குத் தெரியவில்லை. கீழே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பூனையாக இருக்கும் என்று நினைத்தாள். அடுத்த நொடி ஆசிர் அவள் பெயரைச் சொல்லி அலறினான். அவளுடைய கணவன் இரைந்து பேசுகிற ஆள் இல்லை. துணியை உதறிவிட்டு அவள் நிமிர்ந்தபோது அவனைச் சட்டைக் காலரைப் பிடித்து மாடிப்படியில் இழுத்து வந்துகொண்டிருந்தார்கள். உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் வழிந்தது.

மூன்று பேர். மஞ்சள் பனியன் போட்டவன் கையில் டயர் கழற்றும் இரும்பு ராடு. இன்னொருவன் பெரிய மீசைக்காரன். மூன்றாமவனை அவளுக்குத் தெரியும். வேணு. மேற்கே தெரிந்த கரட்டில் நாராயணசாமியின் கல் குவாரியில் மேனேஜர். இந்த வீட்டைக் கட்டும்போது ஜல்லி கொண்டுவந்து இறக்கியவனே அவன்தான். அன்றைக்கு இதே மாடி வெறும் கம்பியாக நின்றிருந்தது. அவள் கொடுத்த மோரை நின்றபடியே குடித்துவிட்டு, “இன்னொரு டம்ளர் குடுங்க மேடம்” என்று கேட்டு வாங்கிக் குடித்தான்.

ஆந்திர எல்லைக்குள் நாராயணவனத்தில் இருந்து புத்தூர் போகிற சாலையில் ஊர் முடிகிற இடத்தில் வீடு. மொட்டை மாடியில் நின்றால் மேற்கே கடலைக் கொல்லைகள், அதற்கப்பால் கரடு. பாதிக் கரட்டைக் குவாரி தின்று தீர்த்திருந்தது. போன வாரம் ஒரு தெலுங்குப் பத்திரிகையில் அந்தக் குவாரியின் படம் வந்தது. எல்லைக் கல்லைத் தாண்டிக் காட்டு நிலத்துக்குள் புகுந்து பாறை வெட்டுவதும், டிப்பர்கள் வரிசையாக நிற்பதும் அதில் தெளிவாகத் தெரிந்தன. மறுநாளே மண்டல வருவாய் அதிகாரி எம்.ஆர்.ஓ. வந்து வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். படம் எடுத்தது யார் என்று குவாரிக்காரர்கள் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருப்பது ஷோபாவின் காதுக்கும் வந்திருந்தது. அது தன் வீட்டுப் படியேறும் என்று அவள் எண்ணவில்லை.

“இன்னாடா, எத்தினி நாளா போட்டோ புடிச்சிக்கினு கீற?” என்றான் வேணு, ஆசிரின் முடியைப் பிடித்து நிமிர்த்தி.

“போட்டோ இல்லபா... அது சூரியன் பாக்கற டெலஸ்கோப்பு. அவ பாக்கறா.”

மஞ்சள் பனியன்காரன் சிரித்தான். சிரித்துக்கொண்டே ராடை ஓங்கி ஆசிரின் இடது முன்கையில் இறக்கினான். காய்ந்த முருங்கைக் கிளை முறிவது போல ஒரு சத்தம். ஆசிருக்குக் கத்தக்கூட மூச்சு வரவில்லை. முட்டி மடங்கித் தரையில் விழுந்து, கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுருண்டான்.

ஷோபா ஓடினாள். மீசைக்காரன் அவள் தோளைப் பிடித்துச் சுவரில் மோதினான். தலை கைப்பிடிச் சுவரில் இடித்துக் கண் இருட்டியது.

“வேணு!” என்றாள். “அவர ஏன் அடிக்கறீங்க? அது என்னுது. அவருக்கு அதுல எந்தப் பக்கம் கண்ணு வெக்கறதுன்னுகூடத் தெரியாது.”

வேணு நம்பவில்லை. பொம்பளை புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

உண்மையில் அது அவளுடையதுதான். ஷோபா புத்தூரில் ஒரு தனியார் ஜூனியர் காலேஜில் பிசிக்ஸ் லெக்சரர். ஆசிர் அதே ஊரில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுபவன். சென்னையில் வானம் பார்க்கும் நண்பர்கள் குழுவில் இருந்த ஒருவரிடம் அந்தத் தொலைநோக்கியை அவள் வாங்கியிருந்தாள். முன்புறம் ஒரு ஃபில்டர், பின்னால் கண் வைக்கும் இடத்துக்கு முன் இன்னொன்று. சூரிய வெளிச்சத்தில் ஹைட்ரஜன் விடுகிற ஒரே ஒரு சிவப்பை மட்டும் அவை உள்ளே விடும். மற்ற எல்லாவற்றையும் வெளியே நிறுத்திவிடும். அப்படிப் பார்க்கும்போது சூரியன் வெள்ளைத் தட்டாக இருக்காது. தணலைக் கிளறியது போல மேற்பரப்பு முழுக்கச் சுருள் சுருளாக இருக்கும். கறுப்பு இழைகள் பாம்புபோல நெளிந்து கிடக்கும். விளிம்பில் தீப்பிழம்புகள் எழுந்து, வளைந்து, ஒரு மணி நேரத்துக்குள் உருவம் மாறி அறுந்து போகும். பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை சூரியன் உச்சமாகக் கொந்தளிக்கும். அந்தக் கோடை அப்படிப்பட்டது. காலையில் நுழைவுத் தேர்வுப் பிள்ளைகளுக்கு வகுப்பு; அதனால் அவளுக்குச் சாயங்காலம்தான் கிடைத்தது. சாயங்காலம் சூரியன் குவாரிக்கு மேலே நிற்கும். வெளிச்சம் கண்ணில் படாமல் இருக்கக் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, குழாயைக் குவாரிப் பக்கம் திருப்பி, தினமும் அவள் குனிந்து நிற்பதை ஊர் பார்த்தது.

“தெனம் அந்தப் பக்கமே குனிஞ்சிக்கினு நிக்கற. சூரியன்ல இன்னா கீது அப்பிடிப் பாக்கறதுக்கு?” என்றான் வேணு.

“நீயே பாரு. கண்ண வெச்சிப் பாரு. அப்புறம் பேசு.”

அவன் தயங்கினான். பிறகு குனிந்து கண்ணை வைத்தான். சற்று நேரம் அசையவில்லை.

“செவப்பா தட்டு மாரி கீது.”

“அதான் சூரியன். இது அத மட்டுந்தான் காட்டும். கீழ எறக்கிக் குவாரியப் பாரு. ஒண்ணுமே தெரியாது. இருட்டாதான் இருக்கும்.”

அவள் தொலைநோக்கியின் பிடியைத் தளர்த்தி, குழாயைக் கரட்டின் பக்கம் இறக்கிக் காட்டினாள். வேணு மறுபடி குனிந்தான். கண்ணைச் சுருக்கினான். துணியை எடுத்துத் தலையில் போர்த்திக்கொண்டும் பார்த்தான்.

“இன்னாண்ணா தெரியுது?” என்றான் மஞ்சள் பனியன்காரன்.

“ஒண்ணுந் தெரியல. கருப்பா கீது.”

வேணுவின் முகம் சற்றுத் தளர்ந்தது. தரையில் கிடந்த ஆசிரைத் திரும்பிப் பார்த்தான். ஆள் மாறிவிட்டதோ என்று யோசிப்பவன் போல மீசையற்ற மேலுதட்டைத் தடவினான். அந்த நிமிஷத்தில் அவர்கள் படியிறங்கிப் போயிருக்கக்கூடும்.

ஆனால் மீசைக்காரன் சுவரோரம் இருந்த பெட்டியைக் காலால் திறந்திருந்தான். “அண்ணா, இங்க பாரு. வேற கண்ணாடிலாம் வெச்சிக்கினு கீறா.”

அதில் இருந்தது நிலா பார்ப்பதற்கான சாதாரணக் கண்ணாடி. இரண்டு ஃபில்டரையும் கழற்றிவிட்டுப் பின்பக்கம் மாட்டுவது. பௌர்ணமிக்கு அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு அவள் காட்டுவாள்.

வேணு அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அவன் கண்ணில் இருந்த தயக்கம் போய்விட்டது.

“ஏமி மேடம்? எங்களுக்குக் காட்ட ஒண்ணு, உனுக்குப் பாக்க ஒண்ணா?”

“அது நிலாவுக்கு...”

“மாட்டு.”

“வேணாம் வேணு. முன்னாடி இருக்கற ஃபில்டரக் கழட்டினா...”

வேணு மஞ்சள் பனியன்காரனைப் பார்த்தான். அவன் செருப்புக் காலைத் தூக்கி ஆசிரின் முறிந்த கையின் மேல் வைத்து அழுத்தினான். ஆசிர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் கூடையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

“கழட்டறேன்! கழட்டறேன், கால எடுக்கச் சொல்லு!”

முன்பக்க ஃபில்டரைத் திருகினாள். வியர்வையில் விரல் வழுக்கியது. சேலைத் தலைப்பால் பிடித்துத் திருகிக் கழற்றினாள். பின்னாலிருந்ததையும் எடுத்துவிட்டு நிலாக் கண்ணாடியை மாட்டினாள். இப்போது அது எல்லாத் தொலைநோக்கிகளையும் போல ஒரு தொலைநோக்கி. குவாரியின் மேல் நிறுத்தி, தெளிவு செய்து, விலகி நின்றாள்.

வேணு பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

“டிப்பர் நம்பர் தெரியுதுடா. ஆபீஸ் ரூம்ல ஒட்டன நோட்டீஸ் தெரியுது. நம்ம வாட்ச்மேன் தண்ணி குடிக்கிறான், தொண்ட ஏறி எறங்கறது தெரியுது.”

நிமிர்ந்து வந்து ஷோபாவின் கன்னத்தில் அறைந்தான். காதுக்குள் ரீங்காரம் எழுந்தது. மறு கன்னத்திலும் அறைந்தான்.

“எங்க சோத்துல மண்ணு போட்டுட்டு, சூரியன் பாக்கறாளாம் சூரியன்.”

“அந்தப் போட்டோ மேலேர்ந்து எடுத்தது வேணு. ட்ரோன்ல எடுத்தது. பேப்பரத் திரும்பப் பாரு, தெரியும்.” வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. துப்பிவிட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். “நம்பலேன்னாலும் பரவால்ல. ஒண்ணு மட்டும் கேளு. இப்ப அதுல ஃபில்டர் இல்ல. மேல தூக்காத. சூரியன் பக்கம் போச்சுன்னா கண்ணு போயிடும்.”

அவன் சிரித்தான். “தெனம் நீ மேலதான வெச்சிக்கினு இருந்த? அங்க இன்னாத்தப் பாத்தேன்னு நானும் பாக்கறேன்.”

“சொல்றதக் கேளு...”

“நீ பாத்தா போவாத கண்ணு, நான் பாத்தா போயிடுமா?”

கண்ணை வைத்துக்கொண்டே அவன் குழாயைத் தூக்க ஆரம்பித்தான். வெட்டிய பாறை, அதற்கு மேல் புதர், கரட்டின் உச்சி என்று ஒவ்வொன்றாக நின்று நின்று பார்த்தான். உச்சிப் பாறையில் யாராவது நிற்கிறார்களா என்று தேடுபவன் போல நிதானமாகப் போனான். மஞ்சள் பனியன்காரனிடம் அந்தப் பாறையைப் பற்றி ஏதோ சொன்னான்.

ஷோபா அவனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். சூரியனைத் தொலைநோக்கியில் பிடிக்கிறவர்கள் வானத்தைப் பார்க்கமாட்டார்கள். குழாயின் நிழலைத்தான் பார்ப்பார்கள். குழாய் சூரியனை நோக்கித் திரும்பத் திரும்ப நிழல் நீளம் குறையும். சரியாக நேர்ப்பட்டதும் குழாய் இருந்த இடமே தெரியாமல் வெறும் வட்டமாகிவிடும். அப்போது குழாயின் நிழல் நீண்டு ஆசிரின் முதுகின் மேல் கிடந்தது. அங்கிருந்து வழுக்கி, அவன் இடுப்பைத் தாண்டி, சிமெண்டுத் தரையில் சுருங்கிக்கொண்டே வந்தது.

ஆசிரின் கை மணிக்கட்டுக்கு மேலே கோணலாகத் திரும்பியிருந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் அவள் பேசவில்லை.

பிறகு கத்தினாள். “கண்ண எடு! எடுறா வேணு! எடு!” கத்திக்கொண்டே பாய்ந்தாள். மீசைக்காரன் அவள் கூந்தலைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தான். நிழல் வட்டமானது.

வேணு உதை வாங்கியவன் போலப் பின்னால் எறியப்பட்டான். முதலில் சத்தம் வரவில்லை. வலது கண்ணை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திக்கொண்டு தள்ளாடி, பெட்டியின் மேல் விழுந்தான். இமை முடி பொசுங்கிய வாடை வந்தது. பிறகுதான் அவன் குரல் கிளம்பியது. “அண்ணா” என்றானா “அம்மா” என்றானா, புரியவில்லை. கையை எடுத்து, மற்றக் கண் இறுக மூடியிருக்க, அந்தக் கண்ணைத் திறந்து மூடினான். மறுபடி திறந்தான். எதிரே வந்த மஞ்சள் பனியன்காரனின் முகத்தைக் கையால் துழாவினான்.

“உன் மூஞ்சி எங்கடா? மூஞ்சி தெரியல. நடுவுல ஓட்டையா கீது!”

“இன்னாடி பண்ண எங்க அண்ணன?” மஞ்சள் பனியன்காரன் கேட்டது அவளை. அடித்தது ஆசிரை. ராடு விலாவில் விழுந்தது. திரும்ப அதே இடத்தில் விழுந்தது. நெல் போரடிப்பவன் போல மூச்சு வாங்கிக்கொண்டு அடித்தான். ஆசிரின் உடம்பு ஒவ்வோர் அடிக்கும் துள்ளியது. பிறகு துள்ளுவதை நிறுத்தியது.

ஷோபா தன்னைப் பிடித்திருந்தவனின் கையைக் கடித்தாள். பல் எலும்பில் இடிக்கும்வரை விடவில்லை. கூந்தலில் ஒரு கொத்து அவன் கையோடு போனது. தொலைநோக்கி சாயாமல் இருக்கத் தொங்கவிடும் இரும்புக் குண்டு தண்டோடு பெட்டிக்கருகில் கிடந்தது. அதை எடுத்துச் சுழற்றி மஞ்சள் பனியன்காரனின் முழங்காலில் அடித்தாள். சில்லு உடையும் சத்தம் கேட்டது. அவன் விழுந்ததும் தோளில் அடித்தாள். தலையில் அடிப்பதற்காகத் தூக்கினாள். மீசைக்காரன் வயிற்றில் விட்ட உதையில் குண்டு கைநழுவி ஓடியது. அவன் தொலைநோக்கியை மூன்று காலோடும் தூக்கி மாடியிலிருந்து சாலைக்கு எறிந்தான்.

அக்கம்பக்கத்து மாடிகளில் எல்லாம் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. யாரோ ஒருவன் மட்டும் “போலீசுக்குப் போன் போட்டாச்சு” என்று கூவினான். அது போதுமானதாக இருந்தது. மீசைக்காரன் ஒரு கையில் வேணுவையும் மறு கையில் நொண்டுபவனையும் இழுத்துக்கொண்டு இறங்கினான்.

ஆசிரை ஆம்புலன்சில் திருப்பதிக்குக் கொண்டு போனார்கள். மண்ணீரல் கிழிந்திருந்தது, எடுத்துவிட்டார்கள். விலா எலும்புகள் நொறுங்கி, ஒன்று நுரையீரலைக் குத்தியிருந்தது. கைக்கு இரும்புத் தகடு வைத்தார்கள். ஷோபா வெளியே பெஞ்சில் ஜெபம் செய்ய முயன்றாள். கண்ணை மூடினால் சிமெண்டுத் தரையில் நிழல்தான் வந்தது.

நினைவு நன்றாகத் திரும்பியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, “வேணு?”

“வலது கண்ணு போயிடுச்சாம். மேல கண் வார்டுலதான் இருக்கான். சுத்தி லேசாத் தெரியுமாம். நடுவுல எதப் பாத்தாலும் கருப்பு.”

ஆசிர் காய்ந்த உதட்டால் சிரித்தான். சிரித்ததும் விலா வலித்து முகம் சுளித்தது. பிறகு சிரிப்பு போய்விட்டது.

“எதுக்குக் கத்துன?”

அவள் அவன் போர்வையை இழுத்து விட்டாள்.

“நான் பாத்துக்கினுதான இருந்தேன் ஷோபா. அந்தாளு என் கை மேல ஏறி நின்னான். இவன் பாத்துக்கினு நின்னான். அவன் கண்ணு போவக் கூடாதுன்னு நீ தொண்ட கிழியக் கத்துற.”

“யோசிச்சிக் கத்தல. பசங்களுக்குத் தெனம் சொல்ற வார்த்த. வந்துடுச்சு.”

“ரெண்டு கண்ணும் போயிருக்கணும்” என்றான். “நீ கத்தாம இருந்திருக்கணும்.” சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு தண்ணீர் வேண்டும், ஒருக்களிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளிடம் எதுவும் பேசவில்லை.

எஸ்.ஐ. வந்தார். மருத்துவமனைப் படிக்கட்டில் நின்றபடியே தெலுங்கும் தமிழுமாகப் பேசினார். வேணுவின் கையெழுத்தோடு ஒரு புகார் வந்திருக்கிறது. குவாரி ஆட்கள் நியாயம் கேட்க வந்தார்கள். லெக்சரர் அம்மா வேண்டுமென்றே கண்ணாடியை மாற்றி வைத்து, ஒன்றும் சொல்லாமல் பார்க்கவிட்டு, கண்ணைப் பொசுக்கினார். பிறகு இரும்புக் குண்டால் இன்னொருவன் காலையும் உடைத்தார். இப்படி எழுதியிருந்தது.

“ராஜி படண்டி மேடம், சமாதானமாப் போயிடுங்க. அவங்க வாபஸ், நீங்களும் வாபஸ். இல்லேன்னா இது பெரிய செக்ஷன். உத்யோகம் போவும்.”

“நான் ரெண்டு தரம் சொன்னேன் சார்.”

“யார் சாட்சி? உங்க வீட்டுக்காரரு. வேற?”

வேறு யாரும் இல்லை. மாடிகளில் நின்றிருந்தவர்கள் எல்லாம் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் யாரிடமும் சொல்லாமல் கண் வார்டுக்கு ஏறிப் போனாள். வாசலிலேயே வேணுவின் மனைவி பத்மாவதி பார்த்துவிட்டாள். பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு வந்து ஷோபாவின் மார்பில் கையை வைத்துத் தள்ளினாள்.

“எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வந்த? கண்ணத் துன்னுட்டு மிச்சத்தையும் துன்ன வந்தியா?”

“என் புருஷன் கீழ கெடக்கறாரு. ஒரு வார்த்த பேசிட்டுப் போயிடறேன்.”

“வுடு பத்மா” என்றான் உள்ளேயிருந்து வேணு.

கண்ணில் கட்டுப் போட்டிருந்தார்கள். மற்றொரு கண்ணால் அவளை மேலும் கீழும் பார்த்தான். முகத்தில் தாடி முளைத்துக் கன்னம் ஒட்டியிருந்தது.

“நான் கத்துனது கேட்டுச்சா, கேக்கலியா?” என்றாள் ஷோபா.

“கேட்டுச்சு.”

“அப்புறம் ஏன் அப்பிடிக் கையெழுத்துப் போட்ட?”

“ஓனர் மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்னு சொல்லிகீறாரு. ஆபரேசன் பண்ணா பார்வை வந்துடுமாம். எனுக்குக் கண்ணு வோணும்.”

“வராது” என்றாள். தணிந்த குரலில் சொன்னாள். “கண்ணுக்குள்ள பின்னாடி ஒரு தெர மாதிரி இருக்குது. அதுதான் எரிஞ்சிடுச்சு. அத யாராலயும் மாத்தி வெக்க முடியாது. பொய் சொல்லி உன்ன வெச்சிக்கினு இருக்காங்க.”

பத்மாவதி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். வேணு கண் கட்டைத் தொட்டுப் பார்த்தான்.

“இன்னொண்ணு” என்றாள் ஷோபா. இதைச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். “நான் கொஞ்சம் லேட்டாத்தான் கத்துனேன். நெழலு சுருங்கறதப் பாத்துக்கினே இருந்தேன். அவர் கையப் பாத்தேன். அப்புறந்தான் கத்துனேன்.”

தலைமாட்டில் இருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்து அவன் வீசினான். ஒற்றைக் கண்ணால் குறி பார்த்த வீச்சு, தப்பவில்லை. புருவம் பிளந்து ரத்தம் அவள் கண்ணில் இறங்கியது. நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். ஷோபா கையால் பொத்திக்கொண்டு படியிறங்கினாள். கீழே தையல் போட்டார்கள். ஆசிர் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தான். எப்படி என்று கேட்டான். நடந்ததைச் சொன்னாள், லேட்டாகக் கத்தியதையும் சேர்த்து. நெடுநேரம் கழித்து, “அத அவங்கிட்ட ஏன் சொன்ன, பைத்தியமே” என்றான். அவன் குரலில் பழைய ஆசிர் கொஞ்சம் இருந்தான்.

வேணுவைச் சென்னைக்கு அழைத்துப்போனார்கள். அங்கே இருந்த டாக்டர் பார்த்துவிட்டு, செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். திரும்பி வந்தவனுக்கு டிப்பர்களைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கை காட்டக்கூட முடியவில்லை, தூரம் பிடிபடவில்லை. நாராயணசாமி அவனை வீட்டில் இருக்கச் சொன்னார். போன் எடுப்பதை நிறுத்தினார். ஒரு காலையில் வேணு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எஸ்.ஐ. முன்னால் நின்று, புகாரில் இருப்பது பொய் என்று சொன்னான். அந்தம்மா முன்னாலேயே எச்சரித்தது, பிறகும் கத்தியது, தான் நம்பாதது, அடிக்கச் சொல்லி அனுப்பியது யார் என்பதெல்லாம் சொன்னான்.

அடுத்த வாரம் நாகலாபுரம் சாலையில் ஓரமாக மெதுவாக அவன் ஓட்டிப்போன டூவீலரைப் பின்னாலிருந்து ஒரு டிப்பர் இடித்தது. இடித்துவிட்டு நிற்கவில்லை; கொஞ்ச தூரம் போய், பின்னால் வந்து, காலின் மேல் ஏறி இறங்கியது. அந்தப் பக்கமாக வந்த பஸ் டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு குறுக்கே நிறுத்தியிருக்காவிட்டால் இன்னொரு தரமும் ஏறியிருக்கும்.

செய்தி வந்தபோது ஆசிர் வீட்டுக்குத் திரும்பியிருந்தான். போனை வைத்துவிட்டு, “நல்லா வேணும்” என்றான். அன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டான். மறுநாள் காலையில் தட்டை நகர்த்திவிட்டான்.

“நம்மள அடிச்சது சரி. கண்ணு தெரியாதவன் மேல பின்னாடி வந்து ஏத்தறது...” என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டான். பிறகு, “கௌம்பு. திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போவலாம்” என்றான்.

“நீங்களா?”

“எனுக்குக் கோவம் போவல. அவன் செத்துட்டா நாராயணசாமி பேரச் சொல்றதுக்கு ஆளு இல்ல. அதுக்குத்தான்.”

அவர்கள் போனபோது மாஜிஸ்ட்ரேட் வாக்குமூலம் வாங்க வந்திருந்தார். வேணுவின் ஒரு கால் முழங்காலுக்கு மேல் இல்லை. பேசினால் மூச்சு வாங்கியது. போலீஸ்காரர்கள் எல்லோரையும் வராந்தாவுக்கு அனுப்பினார்கள். கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை. பத்மாவதி கதவோரமாக நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். ஷோபா போய் அவள் பக்கத்தில் நின்றாள். இந்தத் தரம் அவள் தள்ளவில்லை.

உள்ளே மாஜிஸ்ட்ரேட் தெலுங்கில் கேட்டார், நாராயணவனத்து மாடியில் அன்றைக்கு அடித்தவர்கள் யார் யார் என்று.

வேணு தமிழில் சொன்னான். “மொதல்ல என் பேர எழுதுங்க சார்.”

ஆசிர் தகடு வைத்த கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கவிட்டபடி சுவரில் சாய்ந்திருந்தான். மற்ற பெயர்களும் ஒவ்வொன்றாக வந்தன. நாராயணசாமியின் பெயர் வந்தபோது உள்ளே பேனா நின்றது. பிறகு மறுபடி ஓடியது. ஆசிர் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, நல்ல கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். ஷோபா திரும்பிப் பார்த்தாள். வா என்று பக்கத்து இடத்தைத் தட்டினான். அவள் பத்மாவதியின் தோளைத் தொட்டு அவளையும் அழைத்து வந்து உட்கார வைத்தாள். மூவரும் கதவு திறப்பதற்காகக் காத்திருந்தார்கள்.